டார்ஜானுக்கு யார் ஷேவிங் செய்தது?

(சலூன். நாற்காலியில் மளிகைக்கடை அண்ணாச்சி, மீசை வரை சோப்பு நுரை. வேலு கத்தியில் புது பிளேடு மாட்டுகிறான்.)

வேலு: செவ்வாய்க்கிழமை கடை லீவு. நீங்க சொன்னீங்களே என்று அந்தப் பழைய டார்ஜான் படத்தை மொபைலில் பார்த்துவிட்டேன், அண்ணாச்சி.

அண்ணாச்சி: 1932-ல் வந்ததுதானே? ஜானி வைஸ்முல்லர்! ஒலிம்பிக் நீச்சலில் 5 தங்கம் வாங்கிய ஆள். எப்படி இருந்தான்?

வேலு: நீச்சல் சரி. குரங்கு வளர்த்த பிள்ளை, முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வழவழ என்று இருக்கிறதே? அந்தக் காட்டில் எந்த மரத்தடியில் நம்ம ஆள் கடை போட்டிருந்தான்?

அண்ணாச்சி: நாவலில் அதற்குப் பதில் இருக்கிறது. முகத்தில் முடி முளைத்தால் குரங்காகிவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். கத்தியைத் தீட்டி அவனே சுரண்டிக்கொள்வான்.

வேலு: சோப்பு?

அண்ணாச்சி: இல்லை.

வேலு: படிகாரக் கல்?

அண்ணாச்சி: காட்டில் ஏதுடா படிகாரம்?

வேலு: அப்படியென்றால் முகம் பலாப்பழத் தோல் மாதிரி ஆகியிருக்கும். இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிறவனிடமே கதையா? சரி, அதை விடுங்க. அந்த யானை! கதை நடப்பது ஆப்பிரிக்காவில். வந்து நிற்பது நம்ம கோயில் யானை.

அண்ணாச்சி: எப்படிக் கண்டுபிடித்தாய்?

வேலு: தலையைப் பார்ப்பதுதானே என் தொழில்? நெற்றியில் இரண்டு மேடு. முதுகும் நம்ம ஊர் யானை முதுகு. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். காது மட்டும் முறம் மாதிரி விரிந்து கிடக்கிறது.

அண்ணாச்சி: அது ஒட்டவைத்த காது. சொன்னபடி கேட்கிற மாதிரிப் பழக்கி வைத்திருந்தது ஆசிய யானையைத்தான். அதனால் பொய்க்காது மாட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலு: கொண்டைக்குச் சவுரி வைத்துப் பார்த்திருக்கிறேன். யானைக் காதுக்குமா?

அண்ணாச்சி: காட்டுக்குள் ஒரு கெக்கெக்கே சிரிப்புச் சத்தம் கேட்டிருப்பாயே? அது கூக்கபரா. ஆஸ்திரேலியப் பறவை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அது சிரிக்காத காடு குறைவு.

வேலு: ஆப்பிரிக்கக் கதை, ஆசிய யானை, ஆஸ்திரேலியப் பறவை. படம் பிடித்தது எங்கே?

அண்ணாச்சி: பெரும்பாலும் கலிபோர்னியா.

வேலு: பறவை சும்மா சிரிக்கவில்லை, அண்ணாச்சி. படத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறது.

அண்ணாச்சி: படக்காரனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? எழுதிய எட்கர் ரைஸ் பரோஸே 1912-ல் பத்திரிகையில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் புலியை விட்டிருந்தார். அங்கே ஏது புலி? 1914-ல் புத்தகமாக வந்தபோது அதைப் பெண் சிங்கமாக மாற்றிவிட்டார்.

வேலு: ஒரு பக்க மீசையைத் தெரியாமல் எடுத்துவிட்டு, இதுதான் சார் இப்போ ஃபேஷன் என்று மறுபக்கத்தையும் எடுப்போமே, அந்த மாதிரி.

அண்ணாச்சி: அதெல்லாம் என்னிடம் வேண்டாம். மீசையில் ஓரம் மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும்.

வேலு: எனக்குத் தெரியாதா? அப்புறம், அந்தக் கொடி? காட்டுக்கொடி கீழே மண்ணில் வேர் விட்டு மேலே ஏறுகிறது. அதைப் பிடித்து ஊஞ்சல் ஆடினால் எப்படி ஆடும்?

அண்ணாச்சி: ஆடியது வைஸ்முல்லரே இல்லை. ஆல்பிரெடோ கோடோனா என்று ஒரு சர்க்கஸ்காரர். அந்தரத்தில் தாவுவதில் சூரர்.

வேலு: அதானே பார்த்தேன்! இந்த மரத்தில் பிடிக்கிறான், இப்படி வீசி, அந்த மரத்துக்கு ஒரே தாவாக...

(கத்தி பிடித்த கை அண்ணாச்சியின் முகத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. சரக்.)

அண்ணாச்சி: என்ன சத்தம்?

வேலு: கூக்கபராவாக இருக்கும்.

அண்ணாச்சி: நுரையைத் துடை. கண்ணாடியைக் கொண்டா. டேய், வலது பக்க மீசை எங்கேடா?

வேலு: பதறாதீங்க அண்ணாச்சி. யானைக்கே காது ஒட்டியிருக்கிறார்கள்.