இருமும்போது சிறுநீர் கசிவு: ஸ்கேன் பற்றிப் பரவும் தவறான தகவல்

கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசியும் பெண்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் அதன் கதிர்வீச்சு கருப்பையைக் கெடுக்கும் என்றும், சிறுநீர்ப்பை இறங்கியிருப்பது அதில் தெரிந்தால் அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்றும் அது கூறுகிறது. இரண்டும் தவறு.

அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளால் இயங்குகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு அதில் இல்லை. இடுப்புத்தள (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைப் பகுதி) ஸ்கேனில், கருவியைப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைத்து, ஓய்வாக இருக்கும்போதும் முக்கும்போதும் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி எவ்வளவு கீழிறங்குகிறது என்று பார்ப்பார்கள். சிறுநீர் கழித்த பின் உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் ஸ்கேன் மூலம் அளக்கலாம். ஆனால் அத்தகைய இறக்கம் கசிவே இல்லாத பெண்களிடமும் காணப்படுவதால், படத்தை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்வது முறையல்ல. நோயாளி சொல்லும் விவரமும், இருமச் சொல்லிப் பார்க்கும் சோதனையுமே முதன்மையானவை.

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய கசிவுக்கு முதல் சிகிச்சையாக, மேற்பார்வையுடன் குறைந்தது 3 மாதங்கள் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அதை இணையத்தில் எவரும் படித்துச் சரிபார்க்கலாம்.

கூச்சத்தால் இதை மகளிடம்கூடச் சொல்லாத அம்மாக்களை இச்செய்தி மேலும் ஒதுங்க வைப்பது வருந்தத்தக்கது. தயவுசெய்து இதைப் பகிராதீர்கள்; பகிர்ந்திருந்தால் அதே குழுவில் திருத்தம் போடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கேட்கலாம். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.