வாடகை சைக்கிள் வந்தால் மலை ரயில் நின்றுவிடுமா?

"ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள் வைத்தால் ரயிலுக்கு ஆள் வராது, வெளிநாட்டில் அப்படித்தான் ஆனது" என்று குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

நெதர்லாந்தில் ரயில் நிறுவனமே ஸ்டேஷன்களில் வாடகை சைக்கிள் விடுகிறது. ரயிலை விட்டு இறங்கியதும் எடுத்துப்போய், வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு மறுபடி ரயில் ஏறுகிறார்கள். வாஷிங்டனில் நகர மையத்தில் இருப்பவர்களில் சிலர் ரயிலை விட்டு சைக்கிளுக்கு மாறியது உண்மைதான். அங்கே தூரம் குறைவு. ஆனால் நகரத்தின் ஓரங்களில் சைக்கிள் வந்தபிறகு ரயில் பக்கம் வந்தவர்களும் உண்டு. செய்தி முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது.

சரி, நம் மலைக்கு வருவோம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை சுமார் 19 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். ரயிலுக்குப் பதிலாக அதைத் தினமும் மிதிப்பவர்கள் மிகச் சிலரே. உண்மையான சிக்கல் வேறு. குன்னூர் ஸ்டேஷனிலிருந்து மேட்டில் இருக்கும் பெட்போர்டு பகுதிக்கு வெறுங்கையோடு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மேலே எடுத்த சைக்கிளில் எல்லோரும் சுகமாக இறங்கி வருவார்கள், திரும்ப ஏற்ற மாட்டார்கள். மதியத்துக்குள் எல்லா வண்டியும் ஸ்டேஷனடியில் குவிந்துவிடும். அவற்றை மேலே கொண்டுபோக ஒரு லாரி வேண்டும், அல்லது பேட்டரி வைத்த சைக்கிள் வேண்டும்.