ஃபோர்மேன் திரும்பி வந்தது 45 வயதில் இல்லை

"குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் பத்து வருஷம் ஓய்வில் இருந்துவிட்டு 45 வயதில் வந்து நேராக உலகப் பட்டத்தை அடித்தார், அதனால் 58 வயதில் டைசனும் இறங்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருஷ ஓய்வு சரி, 45 வயதில் பட்டம் அடித்ததும் சரி. ஆனால் அந்த வயதில் வந்து நேராக அடித்தார் என்பது தப்பு. அவர் திரும்பியது 1987-ல், 38 வயதில். அதற்கப்புறம் ஏழு வருஷத்துக்கும் மேல் விடாமல் ஆடினார். முதலில் பெரும்பாலும் அவ்வளவாகப் பெயர் தெரியாதவர்களோடு மோதி 24 ஆட்டம் ஜெயித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு, 1991-ல் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டிடம் 12 சுற்றும் நின்று தோற்று, 1993-ல் மாரிசனிடமும் தோற்று, அப்புறம்தான் 1994 நவம்பரில் அப்போதைய சாம்பியன் மூரரைச் சந்தித்தார். அன்றும் மூன்று நடுவர்களின் புள்ளியிலும் பின்தங்கியே இருந்தார். பத்தாவது சுற்றில் மூரரின் தாடையில் விழுந்த அந்த ஒரு வலது குத்துதான் ஆட்டத்தை மாற்றிப் பட்டத்தைத் தந்தது. 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்புக் கால்சட்டையோடு முழங்காலிட்டார், அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

டைசன் கதை வேறு. 2005-ல் ஓய்வு பெற்ற பிறகு, 2006-லும் 2020-லும் வெற்றி தோல்விக் கணக்கில் சேராத கண்காட்சி ஆட்டங்கள், அவ்வளவுதான். 2024-ல் யூடியூபில் பிரபலமாகிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலோடு ஆடியது வழக்கத்தைவிடக் குறைந்த இரண்டு நிமிடச் சுற்றுகள், கனமான 14 அவுன்ஸ் கையுறைகள். அப்படியும் கால் ஓடவில்லை, தோற்றார். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.