ட்ரான்ஸ்லேட்டர கடைசியா தொறங்க

ஸ்பானிஷ சொந்தமா படிக்கறவங்க நெறைய பேரு பேசிக் லெவல மளமளன்னு முடிச்சிட்டு பி1ங்கற நடு லெவல் வந்ததும் அப்படியே நின்னுடறாங்க. பாடம் கஷ்டம்ங்கறத விட ட்ரான்ஸ்லேட்டர எப்போ தொறக்கறோம்ங்கறதுதான் இதுக்குக் காரணம்னு நான் உறுதியா நம்பறேன்.

ஆடியோ ஓடுது, ஒரு வரி புரியல, உடனே டிரான்ஸ்கிரிப்ட, அதாவது ஆடியோவோட எழுத்து வடிவத்த, காப்பி பண்ணி கூகுள் ட்ரான்ஸ்லேட், டீப்எல் மாதிரி ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டா அர்த்தம் வந்துடும், அர்த்தம் வந்தாச்சேன்னு அடுத்த வரிக்குப் போயிடுவோம், காதுக்கு ஒரு பயிற்சியும் கெடைக்காது. ஆனா இந்த லெவல்ல காதுக்குத்தான் வேலையே! 'ஆப்லோ'ல முதல் அசைய அழுத்தினா 'நான் பேசறேன்', கடைசி அசைய அழுத்தினா 'அவர் பேசினார்'. ஆளும் மாறிப்போச்சு காலமும் மாறிப்போச்சு. எழுத்துல பாத்தா கடைசி எழுத்து மேல ஒரு சின்ன கோடு, அவ்ளோதான். கேட்டத நாமளே டைப் பண்ணும்போது அந்தக் கோடு விட்டுப்போனா ட்ரான்ஸ்லேட்டரும் தப்பாதான் சொல்லும்.

சப்ஜங்டிவ், அதாவது ஆசை, சந்தேகம் மாதிரி சொல்றப்போ வர்ற வினை வடிவம், இன்னும் மோசம். 'கியெரோ கே வெங்காஸ்'னு போட்டா 'நீ வரணும்னு ஆசைப்படறேன்'னு சரியாவே வரும். ஆனா வழக்கமா வர்ற 'வியெனெஸ்' இங்க ஏன் 'வெங்காஸ்' ஆச்சுன்னு அந்த மொழிபெயர்ப்புல தெரியாது. ஆசை, சந்தேகம், வேண்டுகோள்னு வர்ற பல இடத்துல வினை இப்படி மாறுதுன்னு திரும்பத் திரும்பக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கத்துல வரும்.

காதால கேட்டுப் பழகறதுக்கு லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர்னு ஒரு ஆன்லைன் மொழிப்பாடத் தளம் இருக்கு, அதுல ஸ்பானிஷ் கோர்ஸ் 90 ஆடியோ பாடம், முழுசும் ஃப்ரீ. டீச்சர் கேள்வி கேப்பாரு, பாஸ் பண்ணிட்டு நாம பதில் சொல்லணும், அப்புறம்தான் ஆடியோல கூட இருக்கற ஸ்டூடண்ட் சொல்றத கேக்கணும். ட்ரான்ஸ்லேட்டரையும் இதே மாதிரி வெச்சுக்கலாம், முதல்ல நம்ம வாக்கியத்த எழுதிட்டு அப்புறம் சரிபாக்கறதுக்கு மட்டும்.

எழுதறப்போ தயவுசெஞ்சு இங்கிலீஷ் வழியா போகாதீங்க. 'மே குஸ்தா' அப்படியே நம்ம 'எனக்குப் பிடிக்கும்' அமைப்புதான். நீ, நீங்க மாதிரி அங்கயும் தூ, உஸ்தெத் இருக்கு, இங்கிலீஷ்ல 'யூ'ன்னு போட்டா அந்த மரியாதையே காணாமப்போயிடும்.

பாடம் முடிஞ்சவங்க ரேடியோ ஆம்புலாந்தேங்கற ஸ்பானிஷ் பாட்காஸ்ட கேளுங்க, லத்தீன் அமெரிக்காவோட நிஜக் கதைங்க, டிரான்ஸ்கிரிப்டும் இருக்கு. முதல் தடவ வெறும் காதால, ரெண்டாவது தடவ டிரான்ஸ்கிரிப்டோட, அதுக்கப்புறமும் புரியாத வரிய மட்டும் ட்ரான்ஸ்லேட்டர்ல போடுங்க.