வைட்டமின் குறை வேறு, ஆட்டிசம் வேறு

என் பையனுக்கு ஆட்டிசம் (பேச்சும் பிறரோடு பழகும் விதமும் வேறு மாதிரி வளரும் நிலை). வைட்டமின் குறைவால்தான் அது வருகிறது என்று ஒருவர் பேசும் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை. குடும்பக் குழுவில் சித்தப்பா போட்டார், பள்ளித் தோழி தனியாக அனுப்பினாள், பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி போனையே நீட்டினார். "வைட்டமின் டி ஏத்துங்க, மூணே மாசத்துல குழந்தை பேசும்" என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "அம்மா கர்ப்பமா இருந்தப்போ வெயில்ல நடந்திருந்தா இது வந்திருக்காது" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மை. பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சிலருக்குக் குறைவுதான். நான் மறுக்கவே இல்லை. ஆனால் குறைவாக இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடுமா? 2016-18ல் மத்திய அரசு எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. 10 முதல் 19 வயதில் 24 சதவீதம். அத்தனை பேருக்கும் ஆட்டிசமா இருக்கிறது?

எங்கள் பிள்ளைகளுக்குச் சத்து ஏன் குறைகிறது என்று எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம். என் பையன் தயிர்சாதம் சாப்பிடுவான், தாளிக்காத தயிர்சாதம் மட்டும். தப்பித்தவறி ஒரு கடுகு விழுந்திருந்தால் நாக்கால் தள்ளி, விரல் நுனியில் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, தட்டை நகர்த்திவிடுவான். அப்புறம் இரவு வரை பட்டினி. கீரை வேகும் வாசனைக்கே அடுக்களைக் கதவைச் சாத்துவான். அது வீம்பு இல்லை. அந்த வழவழப்பை அவன் வாய் தாங்காது. இவனைப் போன்ற குழந்தைகளுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆட்டிசத்தால் சாப்பாடு சுருங்குகிறது, சாப்பாடு சுருங்குவதால் வைட்டமின் குறைகிறது. இதைத் தலைகீழாக்கிச் சொல்பவர் எங்கள் வீட்டு அடுக்களையை எட்டிக்கூடப் பார்க்காதவர்.

"அப்போ வைட்டமினே கொடுக்க வேண்டாமா?" என்பீர்கள். கொடுக்க வேண்டும், கட்டாயம் கொடுக்க வேண்டும். நாலைந்து பண்டங்களை மட்டுமே சாப்பிட்ட ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி என்ற நோய் வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய இருக்கின்றன. திடீரென்று நடக்க மறுப்பார்கள், ஈறில் ரத்தம் கசியும். அடம் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள், ரத்தப் புற்றுநோயோ என்றுகூடத் தேடியிருக்கிறார்கள். வைட்டமின் ஏ இல்லாமல் பார்வையே பறிபோன பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: ரத்தம் பரிசோதியுங்கள், குறை இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் நிரப்புங்கள். பிள்ளை உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்பதே அதற்குப் போதுமான காரணம். அவன் பேசுவான் என்ற ஆசையைக் காட்டித்தான் அதைக் கொடுக்கவைக்க வேண்டுமா?

"வைட்டமின்தானே, என்ன கெடுதல்?" ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையான வைட்டமின் டி 600 யூனிட். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு பொட்டலத்தில் இருப்பது 60,000. வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று டாக்டர் கணக்குப் பார்த்து எழுதுவது அது. அதைத் தினமும் கொடுக்கலாமா என்று ஓர் அம்மா எனக்கு இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, மிஞ்சினால் உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தியும் மலச்சிக்கலும் வரும், சிறுநீரகம் பாதிக்கும். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் மோதுவான். ஆட்டிசம் முற்றிவிட்டது என்று நீங்களே சொல்வீர்கள்.

"ஆய்வு இருக்கிறதே" என்று சுற்றுக்கு விடுகிறார்களே, வைட்டமின் டி கொடுத்ததும் முன்னேற்றம் வந்ததாகச் சொன்ன எகிப்து ஆய்வு 2016ல் வந்தது; அதை வெளியிட்ட இதழே 2019ல் திரும்பப் பெற்றுவிட்டது. "என் பிள்ளைக்குப் பலன் கிடைத்தது" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. இரும்பும் பி12ம் குறைந்த எந்தக் குழந்தையும் அதை நிரப்பினால் நன்றாகத் தூங்கலாம், சோர்வு குறையலாம், சிணுங்கல் குறையலாம். மனதாரச் சந்தோஷம். அதற்கு ஆட்டிசம் போய்விட்டது என்று பெயரில்லை.

புருனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் அந்தக் காலத்தில் அம்மாக்களின் பாசமின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று எழுதினார். எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியோடு வாழ்ந்திருப்பார்கள்! 1964ல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் ஆட்டிசக் குழந்தையின் அப்பா. அன்றைக்கு எங்கள் மனசு சரியில்லை என்றார்கள், இன்றைக்கு எங்கள் கர்ப்பமும் சமையலும் சரியில்லை என்கிறீர்கள். அப்பாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா?

வைட்டமின் டிக்கு வெயில் வெயில் என்கிறீர்கள். எங்கள் குடியிருப்புப் பூங்காவில் இவன் கையை உதறிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். "கூட்டம் இல்லாத நேரமா கூட்டிட்டு வாங்களேன்" என்று பக்குவமாகத்தான் சொன்னார்கள். கூட்டம் இல்லாத நேரம் இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் எந்த வெயிலை நான் அவன் மேல் படவைப்பேன்? இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவனை ஊஞ்சலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். காணொளி அனுப்பிய எல்லோரும் உங்கள் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள்.