ஊருக்கு விற்க வருவதும் ஊரிலிருந்து விற்க வருவதும்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தம் பெற்றோர் போர்க்காலத்தில் விட்டுச்சென்ற யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் தொழில் செய்யவென்று வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய கணக்குகளையும் பதிவு ஆவணங்களையும் பார்த்துக்கொடுக்கும் வேலையில் இருப்பவன் நான். அவர்களுடைய வரவை மனமார விரும்புகிறேன். அதனால்தான், எந்தத் தொழிலுக்காக வருகிறார்கள் என்பதைச் சற்று அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

2009க்குப் பிறகு இங்கே வந்த புலம்பெயர் பணத்தின் பெரும்பகுதி எதில் போடப்பட்டது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: திருமண மண்டபங்கள், விடுதிகள், உணவகங்கள், பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகள், புதிதாக எழுந்த கோபுரங்கள். ஊர்க்கோயிலைத் திருப்பணி செய்தவரை நான் குறைகூற மாட்டேன். அது அவருடைய நேர்த்திக்கடன். ஆனால் மண்டபத்துக்கு வாடகை கட்டுகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும், சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து மகளுடைய சாமத்திய வீட்டைச் செய்யும் இன்னொரு குடும்பம். இல்லையென்றால், மாதாமாதம் வெளிநாட்டுக் காசு வரும் உள்ளூர்க் குடும்பம். ஏற்கெனவே உள்ளே வந்த காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறதே தவிர, புதிய வருமானம் ஒன்று பிறப்பதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நிரம்பி வழியும் விடுதி கார்த்திகை மழையில் வெறுமையாகக் கிடக்கிறது; அங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் சம்பளமும் இல்லை.

வெளிநாட்டில் வளர்ந்த ஒருவரிடம், இங்கேயே இருந்துவிட்டவரிடம் இல்லாத ஒன்று உண்டு. அது பணம் என்று பலர் நினைக்கிறார்கள். பணத்தைக் கடனாகவும் பெறலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ லண்டனின் ஹரோவிலோ ஒரு கடைக்காரர் பொருளை ஏன் எடுக்கிறார், ஏன் திருப்பி அனுப்புகிறார், பொதியின் சிட்டையில் என்ன எழுதியிருக்க வேண்டும், எந்தச் சான்றிதழைக் கேட்பார் என்ற அறிவைக் கடனாகப் பெற முடியாது. பனங்கிழங்கிலிருந்து கிடைக்கும் ஒடியல் மாவும், புழுக்கொடியலும், பனங்கட்டியும், முருங்கையிலைத் தூளும் இங்கே நன்றாகவே செய்யப்படுகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஆனால் ஒரே தரத்தில், ஒரே ஈரப்பதத்தில், ஆண்டு முழுவதும் தடையில்லாமல் அனுப்பவும், அனுப்பியதற்குச் சரியான விலை கேட்டுப் பெறவும் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இடத்தில் வந்து நிற்கும் ஓர் இளைஞர், இருபது பேருக்கு வேலை கொடுக்கும் உணவகத்தைத் திறப்பவரைவிடப் பன்மடங்கு பேருக்குப் பயன்படுவார்.

நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கு நீரிணையிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் பிடிபடும் நீலக்கால் நண்டு வடக்கிலேயே பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் நண்டுச் சதையைப் பிரித்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தத் தொழிலை இங்கே பெரிதாக வளர்த்தவர்கள் தென்னிலங்கை நிறுவனத்தினர். நம் பிள்ளைகள் ஏன் இதைச் செய்யவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டு இதற்கெல்லாம் ஒரு கடுமையான சோதனையாக அமைந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டது. பொருள்களை இறக்குமதி செய்து ஊருக்கு விற்றவர்கள் நிலைகுலைந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்து டொலரில் கூலி பெற்ற சிறு நிறுவனங்கள், நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தையும் தாண்டின. அவர்களுக்குப் பிள்ளைகள் தட்டுப்பாடில்லாமல் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளூர் இளைஞரும் வெளிநாட்டில் பணியாற்றும் பொறியியலாளரும் கைகோத்து உருவாக்கிய யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளாகப் பாடசாலை மாணவரையும் பல்கலைக்கழக மாணவரையும் போட்டிகளாலும் பயிற்சிகளாலும் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தன. கட்டடம் கட்டியதைவிட அந்தப் பொறுமைதான் பெரிய முதலீடு என்று நான் நம்புகிறேன்.

தமக்குத் தெரிந்த தொழிலோடு திரும்பி வருவதே பலன் தரும் என்பதைப் புலம்பெயர்ந்த சீனர்களுடைய அனுபவமும் சொல்கிறது. தாய்லாந்தின் பெரிய விவசாய, உணவுத் தொழில் நிறுவனமான சிபி குழுமத்தைத் தொடங்கிய குடும்பம் குவாங்டொங் மாகாணத்திலிருந்து பாங்கொக்குக்குப் புலம்பெயர்ந்து, 1921இல் ஒரு விதைக்கடை வைத்தது. சீனா வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்ததும் 1979இல் முதல் வரிசையில் திரும்பிவந்த அக்குழுமம் கால்நடைத் தீவன உற்பத்தியில் முதலிட்டது. தென்சீன நகரமான ஷென்ஜெனில் வழங்கப்பட்ட 0001ஆம் இலக்க வெளிநாட்டு முதலீட்டு அனுமதி அவர்களுடையதே.

நம்முடைய நிலைமை அவர்களுடையதைவிடச் சிக்கலானது என்பதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் கொழும்புத் துறைமுகம் வரை 400 கிலோமீற்றர் தரைவழியாகப் போக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தால் இங்கே காணி வாங்க முடியாது. வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. ஆகவே பிரதேச செயலகம், முதலீட்டுச் சபை, மத்திய வங்கி என்று தனித்தனியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. நான் அறிந்த ஓர் இளம்பெண், கனடாவிலிருந்து வந்து சிறு நிறுவனம் நடத்துகிறவர், நன்றாகப் பயிற்சி கொடுத்த ஒரு தம்பியிடம் பதவி உயர்வைப் பற்றிப் பேசியபோது, "அக்கா, நீங்கள் ஏன் அங்கேயிருந்து இங்கே வந்தீர்கள்? நான் அங்கே போகத்தான் காசு சேர்க்கிறேன்" என்றானாம். அவனைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. கொழும்பில் கொடுப்பதில் பாதிச் சம்பளம் யாழ்ப்பாணத்துக்குப் போதும் என்று கணக்குப் போட்டு வருகிற முதலாளி, அவன் போவதற்கு விமானச்சீட்டை எடுத்துக்கொடுப்பவராகவே ஆகிறார். நிறுவனத்தில் அவனுக்கும் சிறு பங்கு கொடுங்கள். டொலரில் வரும் வருமானத்தில் அதற்கு இடமுண்டு.

வர நினைக்கும் பிள்ளைகளுக்கு என் தொழில் சார்ந்த இரண்டு விடயங்கள். பணத்தை மாமாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பாமல் வெளிநாட்டு முதலீட்டைக் கொண்டுவருவதற்கென்றே வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவாருங்கள். முதலையும் இலாபத்தையும் பின்னாளில் சட்டப்படி வெளியே எடுக்க அதுவே வழி. அடுத்தது, உங்கள் தாத்தாவின் காணி. அது பிரிக்கப்படாமல் ஐந்தாறு சகோதரரின் பெயரில் இருக்கும். ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்கச் சட்டமான தேசவழமையின்படி மற்றக் கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அங்கிருந்து மனக்கசப்பு தொடங்கும். விற்பனையைப் பேசாமல் நீண்டகாலக் குத்தகையைப் பேசுங்கள். யாரும் உரிமையை இழப்பதில்லை என்பதால் பெரியப்பாவும் மாமியும் கையெழுத்திட இணங்குவார்கள். அவர்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு விமானம் ஏறுங்கள்.