பெயர் எழுதிய பெட்டி

2025 நவம்பரில் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் ஓர் ஏலம் நடப்பதாக இருந்தது. பட்டியலில் 600-க்கும் மேற்பட்ட உருப்படிகள். நாஜி வதைமுகாம்களிலிருந்து கைதிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் பதிவட்டைகள் என்று நீண்டது அது. பலவற்றில் ஆளின் பெயர் மறைக்கப்படாமல் அப்படியே தெரிந்தது. போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்பிழைத்தவர்களின் அமைப்பு எதிர்த்தது, போலந்து அரசும் தலையிட்டது, ஏலம் நின்றுபோனது.

அந்தச் செய்தியைப் பகிர்ந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இதில் என்ன தவறு? காசு கொடுத்து வாங்குகிறவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றத்தானே போகிறார்? வீட்டில் கிடந்தால் பேரப்பிள்ளைகள் குப்பையில் போட்டிருப்பார்கள்."

கோபமாக ஏதோ எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. பழைய தாள்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. வீட்டுக்காரர்கள் தங்கள் தாத்தாவின் கடிதங்களை என்ன பாடு படுத்துவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மற்ற பாதி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பாரிஸில் 2005-ல் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அந்த முகாம் இருந்த இடத்திலேயே உள்ள ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்து ஒரு பழைய அட்டைச் சூட்கேஸைப் பாரிஸில் உள்ள ஷோவா (யூத இனப்படுகொலை) நினைவகத்தின் கண்காட்சிக்கு இரவல் கொடுத்திருந்தது. மிஷேல் லெவி லெலூ என்ற முதியவர் பார்க்கப் போனார். சூட்கேஸின் மேல் அவருடைய அப்பாவின் பெயர், பியேர் லெவி. கூடவே பாரிஸில் அவர்கள் குடியிருந்த முகவரி. 1943-ல் பிடித்துச் செல்லப்பட்ட அப்பா திரும்பி வரவில்லை. அறுபது வருடத்துக்குப் பிறகு அவருடைய பெட்டி மட்டும் வந்து நிற்கிறது.

மகன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கவில்லை. மறுபடியும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்ப வேண்டாம், பாரிஸிலேயே இருக்கட்டும் என்றுதான் கேட்டார். அருங்காட்சியகம் மறுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 2009-ல்தான் ஓர் உடன்பாடு வந்தது: உரிமை ஆஷ்விட்ஸுக்கு, பெட்டி நீண்டகால இரவலாகப் பாரிஸில்.

அருங்காட்சியகத்தின் வாதத்தையும் சொல்லவேண்டும். அங்கே சுமார் 1,10,000 செருப்புகள் இருக்கின்றன, சுமார் 3,800 சூட்கேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 2,100-ல் மட்டுமே பெயர் இருக்கிறது. பின்னால் அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கைதிகளிடம் சொல்லி நாஜிகள் பெயரை எழுத வைத்தார்கள். அந்தப் பொய்யை நம்பியவர்களின் கையெழுத்துதான் இன்று நாம் பார்ப்பது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் குற்றத்தின் சாட்சியமே கரைந்துவிடும், இப்படியொன்று நடக்கவே இல்லை என்று பேசித் திரிகிறவர்களுக்கு அது வசதியாகிவிடும் என்பது அருங்காட்சியகத்தின் பயம். பயம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பெட்டி அந்த மகனுடையது என்றுதான் நான் சொல்வேன். திருடியவனிடமிருந்து மீட்டவரே பொருளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா?

இன்னொரு வழக்கில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. டினா பாபிட் என்ற செக் யூதப் பெண்ணை ஆஷ்விட்ஸில் நாஜி மருத்துவன் மெங்கலே ஓவியம் வரைய வைத்தான். ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா கைதிகளின் தோல் நிறம் கேமராவில் சரியாக விழவில்லையாம், அதனால் நீர்வண்ணத்தில் வரையச் சொன்னான். அவரும் அவர் தாயும் உயிர்பிழைக்க அந்த ஓவியங்கள்தான் காரணம். ஏழு படங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் கையால் வரைந்தது, என்னிடம் கொடுங்கள் என்று பல ஆண்டுகள் கேட்டு, கிடைக்காமலேயே 2009-ல் இறந்தார். இங்கே வரைந்தவர் ஒருவர், படத்தில் இருப்பவர்கள் வேறொரு சமூகம். படத்தில் இருப்பவர்களின் உறவினரும் நாளை வந்து கேட்கலாம். யாருக்குக் கொடுப்பது? யோசித்து யோசித்து, விடை கிடைக்காமல் விட்டுவிட்டேன்.

திருப்பிக் கொடுப்பதையே வேலையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரில் இருக்கும் ஆரோல்சன் காப்பகத்தில் நாஜிகளிடம் சிக்கியவர்களைப் பற்றிய சுமார் 3 கோடி ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றோடு கைதிகளிடமிருந்து பிடுங்கி உறையில் போட்டு வைத்த கைக்கடிகாரம், மோதிரம், பர்ஸ், குடும்பப் படம் போன்றவையும் இருக்கின்றன. 2016 முதல் இவற்றின் சொந்தக்காரர் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவருகிறார்கள். அந்த உறைகளில் யூதர்களுடையவை மிகக் குறைவு. பெரும்பாலும் அரசியல் கைதிகளும் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களும்தான். யூதர்களின் பொருளுக்குப் பெயர் எழுதி உறையில் போடும் பழக்கமே இல்லை. மொத்தமாகக் கொட்டி, தரம் பிரித்து, ஜெர்மனிக்கு ஏற்றி அனுப்பினார்கள். பெயரோடு மிஞ்சிய ஒரு பொருள் ஏலத்தில் விலைபேசப்படும்போது எனக்கு வயிறு எரிவது இதனால்தான். தேடினால் உரியவர் கிடைக்கக்கூடிய பொருள் அது.

சரி, உரியவரிடம் போய்ச் சேர்ந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிறகு? இங்கேதான் நண்பரின் பாதி உண்மை வருகிறது.

1938, 39-ல் ஏறத்தாழ 10,000 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, நாஜிகளின் பிடியிலிருந்து தப்புவிக்கப் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். போர் தொடங்கியதும் தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் மட்டும் போய்வந்தது. அதில் 25 சொற்கள்தான் எழுதலாம், பதிலைப் பின்பக்கத்தில் எழுதவேண்டும். ஓர் அம்மா தன் பிள்ளைக்கு 25 சொற்களில் என்ன எழுதுவாள்? நன்றாக இருக்கிறோம், நீ நன்றாகச் சாப்பிடு, படி. ஒரு நாள் பதில் வருவது நின்றுவிடும். அந்தக் கடைசிப் படிவம்தான் பல குடும்பங்களில் இன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பிள்ளையாக இருந்தவர் ஆயுள் முழுக்க அதைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஜெர்மன் தெரியாது. தெரிந்தாலும் பழைய கூட்டெழுத்தில் எழுதியதை இன்றைய ஜெர்மானியர்களிலேயே பலரால் படிக்க முடியாது. ஐரோப்பிய யூதர்களின் ஈத்திஷ் மொழியில் இருந்தால் இன்னும் கஷ்டம்.

இந்த நிலையில் பாசம் மிகுந்த ஒரு பேரன் செய்யும் முதல் காரியம், கடிதத்தை லேமினேட் செய்வது! என் தொழிலில் இதைவிட வேதனை வேறில்லை. சூடுகாட்டி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரித்தெடுப்பது அநேகமாக நடக்காத காரியம். செலோடேப் ஒட்டினால் சில வருடங்களில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஸ்டேப்ளர் பின்னும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். செய்யவேண்டியதோ மிகக் கொஞ்சம்தான்: மடிப்பைப் பிரித்து வைக்கவேண்டும், அமிலமில்லாத தாளுறையில் போடவேண்டும், பரணும் நிலவறையும் கூடாது, படத்தில் இருப்பது யார் என்பதை அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதவேண்டும். அதிலும் கடைசியாகச் சொன்னதை இன்றைக்கே செய்யவேண்டும், பெயர் தெரிந்த பாட்டி உயிரோடு இருக்கும்போதே.

ஸ்கேன் எடுத்துவிட்டேன், இனி தாள் எதற்கு என்பவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் 1944 ஆகஸ்டில் பிடிபட்டபோது தரையில் சிதறிக் கிடந்த நாட்குறிப்பையும் தாள்களையும் பொறுக்கியெடுத்து, படிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்திருந்தார், அவர்கள் ஒளிந்திருக்க உதவிய மீப் கீஸ். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பிறகு சொன்னார். உதவியவர்களின் பெயர்களெல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் அந்த நாட்குறிப்பே போலி என்று சிலர் கிளம்பியபோது, தாளையும் மையையும் பசையையும் ஆய்வகத்தில் சோதித்து அது உண்மை என்று காட்ட முடிந்தது. ஸ்கேன் பிரதியில் மையைச் சோதிக்க முடியாது.

ஆஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளில் ஒருவர் மார்செல் நஜாரி, கிரேக்க யூதர். தான் கண்டதை எழுதி, தெர்மாஸ் குடுவைக்குள் வைத்துப் புதைத்தார். 1980-ல் அது கிடைத்தபோது ஈரத்தில் எழுத்துகள் கலங்கி, மிகச் சிறு பகுதியே படிக்கும் நிலையில் இருந்தது. 2017-ல் பல அலைநீள ஒளியில் படமெடுத்துப் பெரும்பகுதியை மீட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் யாராவது "இதில் ஒன்றும் தெரியவில்லையே" என்று தூக்கிப் போட்டிருந்தால்? எதையும் தூக்கிப் போடாதவர்கள் மேல் எனக்கு உள்ள மரியாதை இதனால்தான் (என் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்).

எனவே நண்பருக்கு என் பதில்: உரிமை குடும்பத்துக்கு, பாதுகாப்பு காப்பகத்துக்கு. வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவகமும் குடும்பங்களிடமிருந்து இப்படிப்பட்ட தாள்களைத் தொடர்ந்து வாங்கிப் பேணுகின்றன. கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். ஏலக்காரருக்கு இதில் இடமே இல்லை.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாத ஒரு சேகரிப்பும் உண்டு. எழுதியவர்களே நமக்கென்று எழுதி வைத்தது அது. வார்சாவில், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள், எமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் 1940 நவம்பரில் ஒரு ரகசியக் காப்பகத்தைத் தொடங்கினார். ஆளுக்கொரு வேலையாகச் சனிக்கிழமைகளில் கூடுவார்கள். ஓய்னெக் ஷாபெஸ், அதாவது ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று அதற்குப் பெயர். கட்டுரைகளோடு ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். மிட்டாய்க் காகிதத்தைச் சேர்க்கத் தோன்றியதே, அந்தப் புத்திக்கு நான் தலைவணங்குகிறேன். உழைத்தவர்கள் அறுபது பேர் வரை இருக்கும், பிழைத்தவர்கள் மூன்று பேர்.

1942 ஆகஸ்டில், கெட்டோவையே காலிசெய்து மக்களைக் கொலைமுகாமுக்கு ரயிலேற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் தன் இரண்டு இளம் உதவியாளர்களோடு நோவோலிப்கி தெருப் பள்ளியின் நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார். அடுத்த ஆண்டு இரண்டு பால் கேன்களில் இன்னொரு பகுதி புதைக்கப்பட்டது. பெட்டிகள் 1946 செப்டம்பரில் கிடைத்தன, கேன்கள் 1950 டிசம்பரில். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். பால் கேன்களில் ஒன்றை வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் பார்த்தேன். நம் ஊர்ப் பால்காரர் சைக்கிளில் கட்டிவரும் கேனைவிடச் சற்றுப் பெரிது. முன்கூடத்துத் தரையில் 1943-ல் பற்றிய தீயின் கருந்தடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

தகரப் பெட்டிகளுக்குள் நான்கு வருடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. அவற்றுக்குள் லிக்டென்ஸ்டைனின் மனைவி கேலா செக்ஸ்டைனின் ஓவியங்கள் சுமார் 300 இருந்தன. தண்ணீரில் நீர்வண்ணம் என்ன ஆகும் என்று என் தொழில்காரர்களுக்குத் தெரியும். இருந்தும் பிழைத்தன. கூடவே லிக்டென்ஸ்டைனின் உயிலும் பிழைத்தது. பாராட்டோ நினைவுச்சின்னமோ வேண்டாம், நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று தன்னைப் பற்றி எழுதுகிறார். மனைவியைப் பற்றி எழுதுகிறார். பிறகு மகள் மார்கலித்தைப் பற்றி. இருபது மாதக் குழந்தை. வெளியே ரயில்கள் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றன. மனுஷர் உட்கார்ந்து எழுதுகிறார்: ஒன்பது மாதத்திலேயே தெளிவாகப் பேசத் தொடங்கிவிட்டாள், சுத்தமான ஈத்திஷ் பேசுகிறாள், புத்தியில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சமம்.